பெர்லின் மாரத்தான்: மேடே இல்லாத ரோட்டில் 3:30 ஓட முடியுமா?

மெரினா நாலுமணி | 24 மே 2025

வணக்கம் மக்களே. குலுக்கலில் பெர்லினுக்கு இடம் விழுந்து ஆறு மாதமாகிவிட்டது. விசா, டிக்கெட் எல்லாம் ஒருவழியாக நகர்கிறது. இனி ஓடுவது மட்டும்தான் பாக்கி. செப்டம்பர் 21 போட்டி. ஜூன் 1 முதல் எண்ணினால் சரியாகப் பதினாறு வாரம்.

வயது 41. இதுவரை இரண்டு முழு மாரத்தான், இரண்டுமே சென்னையில். நல்ல நேரம் 3 மணி 52 நிமிடம். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பெர்லின் பறக்கும் பாதை, கண்ணை மூடிக்கொண்டு 15 நிமிடம் குறையும்." அதை நம்பி 3:30 என்று இலக்கு வைத்திருக்கிறேன். கிலோமீட்டருக்கு 5 நிமிடம். சென்னையும் தட்டைதானே, தனியாகப் பாதைக்கென்று தயாராக என்ன இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்கிறார். எனக்கும் அதே சந்தேகம். ஓடியவர்கள் சொல்லுங்கள்.

---

பழையசோறு | 24 மே 2025

கண்ணை மூடிக்கொண்டு ஓடினால் முதல் கிலோமீட்டரிலேயே ஒரு பெரிய தூண் வரும், மோதிக்கொள்வீர்கள். அதைத் தவிர வேறு தடை இல்லை. வாழ்த்துகள்.

---

அளவுகோல் | 25 மே 2025

முதலில் கணக்கை நேராக்கிவிடுவோம். கிமீக்கு 5:00 என்று முழு மாரத்தான் 42.195 கிமீ ஓடினால் வருவது 3:30:58. 3:30-க்கு உள்ளே வர 4:58 தேவை. அதுவும் போதாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மாரத்தான் பாதையை அளப்பது காரிலோ ஜிபிஎஸ்ஸிலோ இல்லை, சைக்கிளில். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சின்னக் கருவியை மாட்டுவார்கள். எஃகு நாடாவால் அளந்த ஒரு நேர்ச்சாலையில் அந்தச் சைக்கிளை முன்னும் பின்னும் ஓட்டி, ஒரு கிமீக்கு எத்தனை எண் ஓடுகிறது என்று கண்டுகொள்வார்கள். அப்புறம் பாதை முழுக்க, ஒவ்வொரு வளைவிலும் உள் ஓரத்திலிருந்து 30 செமீ தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் மிதிப்பார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிமீக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவே வைப்பது வழக்கம். ஆக, 42.195 என்று எழுதியிருந்தாலும் அந்தக் குறுகிய கோட்டில் ஓடினாலே சுமார் 42 மீட்டர் அதிகம் ஓடுகிறீர்கள்.

ஆனால் அந்தக் கோட்டில் நம்மை யார் ஓட விடுகிறார்கள்? ஒரு செங்கோண வளைவில் கூட்டம் உங்களை 10 மீட்டர் வெளியே தள்ளினால் சுமார் 16 மீட்டர் கூடுதல். இருபத்தைந்து வளைவு அப்படிப் போனால் 400 மீட்டர். வாட்சில் 42.6 காட்டும். "பாதை நீளம், ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது இணையத்தில் சண்டை போடுவதும் இதனால்தான்.

42.6 கிமீயை 3:30-க்குள் முடிக்க வாட்சில் 4:56 தெரிய வேண்டும். வாட்சில் 5:00 என்று நிம்மதியாக ஓடினால் 3:33 வரும். அந்த மூன்று நிமிடத்தைக் காலால் சம்பாதிப்பதைவிடக் கோட்டால் சம்பாதிப்பது எளிது. பெர்லினில் அந்தக் குறுகிய கோட்டை ரோட்டிலேயே நீல நிறத்தில் தீட்டி வைத்திருப்பார்கள்.

பின்குறிப்பு: அளவில் உண்மையாகவே தப்பு நடந்ததும் உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 2013 முதல் 2015 வரை மூன்று வருடம் பாதை 380 மீட்டர் குறைவாக இருந்தது. பிறகு தெரிந்தபோது ஆயிரக்கணக்கானவர்களின் நேரம் செல்லாமல் போனது.

---

வேதா மதுரை | 25 மே 2025

தம்பி, 2023இல் அங்கே ஓடினேன். அப்போது எனக்கு 50. எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா 2:11:53 ஓடிப் பெண்கள் உலக சாதனையை இரண்டு நிமிடத்துக்கு மேல் உடைத்த அதே நாள். அவர் முடித்து, குளித்து, பேட்டியெல்லாம் கொடுத்த பிறகும் நான் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தேன். என் கதையைக் கேட்டால் உங்கள் நண்பரின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

தொடக்கம் பிராண்டன்பர்க் வாசலுக்கு மேற்கே, பூங்காவுக்கு நடுவே போகும் அகலமான நேர்ச்சாலையில். இரண்டு பக்கமும் மரம், குளிர்ந்த காற்று, முன்னால் தங்கச் சிலை வைத்த வெற்றித்தூண். (பழையசோறு சொன்ன தூண் அதுதான். கூட்டம் இரண்டாகப் பிரிந்து அதன் இருபுறமும் போகும்.) நான் பயிற்சி செய்தது மதுரை வெயிலில். அங்கே அன்று காலைக் குளிரில் உடம்பு பஞ்சுபோல இருந்தது. 5:40 ஓட வேண்டியவள் 5:15 ஓடுகிறேன், மூச்சே வாங்கவில்லை. அடடா, இதுதான் பறக்கும் பாதை போல என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் போகிறவர்களைத் தாண்டத் தாண்ட உற்சாகம். இடம், வலம், இடம், நடைமேடை, மறுபடி ரோடு.

15 கிமீ வரை ராணி. 21இல் இன்னும் நன்றாகத்தான் இருந்தேன். 28இல் ஒரு சந்திப்பு வரும், வில்டர் ஏபர் என்று பெயர், காட்டுப்பன்றி என்று அர்த்தமாம். பாதையிலேயே பெரிய கொண்டாட்டம் அங்கேதான், மேளம் தாளம் எல்லாம் உண்டு. அந்த மேளத்துக்கு நடுவே என் தொடை இரண்டும் மரக்கட்டையாகிவிட்டன. மீதி 14 கிமீ நடை, ஓட்டம், நடை. வாட்சில் மொத்தம் 42.9.

மேடுள்ள பாதை என்றால் முதல் மேட்டிலேயே உடம்பு "மெதுவா போ" என்று சொல்லிவிடும். தட்டைப் பாதை எதுவும் சொல்லாது. 28 வரை சிரித்துப் பேசிக்கொண்டே கூட வந்து, அங்கே வைத்துப் பில் கொடுக்கும்.

---

கொங்குக்கால் | 26 மே 2025

வேதா அக்கா சொல்வது நூறு சதவீதம் சரிங்க. இன்னொன்று சேர்க்கிறேன். மேடு பள்ளத்தில் தசைகளுக்கு வேலை மாறிக்கொண்டே இருக்கும். ஏறும்போது ஒன்று உழைக்கும், இறங்கும்போது இன்னொன்று. தட்டையில் ஒரே அடி, ஒரே கோணம், நாற்பதாயிரம் தடவை. ஓய்வு என்பதே கிடையாது. அதனால்தான் தட்டைப் பாதைக்குப் போகிறவர்களையும் நான் மேட்டில் ஓடச் சொல்வேன். எங்கள் பக்கம் மருதமலை ரோடு இருக்கிறது, உங்களுக்கு மேம்பாலம்தான். வாரம் ஒருநாள் எட்டு முறை ஏறி இறங்குங்க.

---

அளவுகோல் | 26 மே 2025

மேடு தேவையா என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தொடக்கத்தில் நான்கு வாரம் பலத்துக்காக ஏறலாம், சரி. ஆனால் போட்டி நெருங்க நெருங்க எந்தப் பரப்பில், எந்த வேகத்தில் ஓடப்போகிறாரோ அதில்தான் பழக வேண்டும். ஒரே அடியை நாற்பதாயிரம் தடவை வைக்க உடம்பு கற்றுக்கொள்வது ஒரே அடியை வைத்துத்தான்.

பாதையின் உயரக் கணக்கு: மிகத் தாழ்ந்த இடம் கடல்மட்டத்திலிருந்து 38 மீட்டர், மிக உயர்ந்த இடம் 53. வித்தியாசம் 15 மீட்டர். ஒரு ஐந்து மாடிக் கட்டிடம். அதை 42 கிமீக்குப் பரப்பி வைத்திருக்கிறார்கள். அதிலும் வேதா அக்கா விழுந்த 28 பக்கம்தான் பாதையின் மேல்முனை. இருபதுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஏறி ஏறி அங்கே போய் நிற்கிறது. அதன் பிறகு மெல்ல இறக்கம். ரோட்டில் நின்று பார்த்தால் மேடு என்றே தெரியாது, வாட்சில் மட்டும் நான்கைந்து விநாடி கூடும். அதைப் பார்த்துப் பதறி வேகத்தைக் கூட்டுகிறவர்கள் 32இல் மாட்டுவார்கள்.

---

கொங்குக்கால் | 26 மே 2025

அண்ணா, சாதனை படைத்தவர்களெல்லாம் கென்யா, எத்தியோப்பியா மலையில் பயிற்சி செய்தவர்கள்தானே? அவர்கள் என்ன தட்டையிலா பழகினார்கள்?

---

பழையசோறு | 26 மே 2025

அவர்கள் 2,400 மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். நம்மாள் திருவல்லிக்கேணி.

---

மெரினா நாலுமணி | 27 மே 2025

சிரித்துவிட்டேன் :) இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். ஜூனில் மேம்பாலம், ஜூலை பாதியிலிருந்து கடற்கரைச் சாலை.

என் பெரிய கவலை வேறு. மே மாதச் சென்னையில் 4:58 வேகத்தில் எட்டு கிமீக்கு மேல் போக முடியவில்லை. நேற்று அதிகாலை நாலு மணிக்கே 29 டிகிரி, காற்று கையில் பிடித்துப் பிழியலாம் போலிருந்தது. இதயத்துடிப்பு 170-ஐத் தாண்டிவிட்டது. இந்த வேகம் எனக்கு அங்கே வருமா வராதா என்று இங்கிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

---

வேதா மதுரை | 27 மே 2025

தெரிந்துகொள்ள முடியாது. அதுதான் உண்மை. வெயிலில் ரத்தத்தில் ஒரு பங்கு தோலைக் குளிரவைக்கப் போய்விடுகிறது, காலுக்குப் போவது குறைகிறது. கடற்கரை ஈரத்தில் வியர்வை காயவும் மாட்டேன் என்கிறது, வழிந்து ஷூவுக்குள் போகிறது. அதே உழைப்புக்கு என் அனுபவத்தில் கிமீக்கு 20 முதல் 30 விநாடி வரை மெதுவாகும். வேகத்தைப் பார்க்காமல் இதயத்துடிப்பையும் மூச்சையும் பார்த்து ஓடுங்கள். ஒன்றிரண்டு வாக்கியம் பேச முடிகிறதா, சரி.

வேகத்துக்கு உடம்பைப் பழக்க மட்டும் வாரம் ஒருமுறை துண்டு துண்டாக ஓடுங்கள்: 4:55இல் ஒரு கிமீ, இரண்டு நிமிடம் மெல்ல, மறுபடி. எட்டு, பத்து தடவை. கால் அந்தத் தாளத்தைத் தெரிந்துகொள்ளட்டும்.

முடிந்தால் ஆகஸ்ட் கடைசியில் ஒரு வாரக்கடைசி பெங்களூரு போய் 32 கிமீ ஓடிப் பாருங்கள். உயரத்துக்குக் கொஞ்சம் கழித்தாலும் உண்மை ஓரளவு தெரியும்.

---

ஹெர்மான்பிளாட்ஸ் அண்ணை | 29 மே 2025

தம்பிமார், பிள்ளை வேதா, இந்த இழையைத் தற்செயலாகக் கண்டேன். நான் பெர்லினில் இருப்பவன். 85இல் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்த எங்கட சனத்தில் ஒருவன். ஓட்டக்காரன் இல்லை. பல வருடமாகத் தண்ணீர் மேசையில் நிற்கிறேன். ஆனபடியால் ஓடுகிறவர்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

பாதையைப் பற்றிக் கதைக்கிறீர்கள், ஒரு பழைய விசயம் சொல்கிறேன். 1974இல் முதல்முதல் ஓடியபோது முடித்தவர்கள் 244 பேர்தானாம், நகரத்தின் ஒதுக்குப்புறத்தில். ஒழுங்கு செய்தவர் ஹோர்ஸ்ட் மில்டே என்ற பேக்கரிக்காரர். 1981இல்தான் நகர நடுவுக்கு வந்தது. மதில் இருந்த காலத்தில் மேற்குப் பக்கத்துக்குள்ளேயே சுற்றிச்சுற்றி ஓடுவார்கள். 1990 செப்டம்பர் 30, நாடு ஒன்றாவதற்கு மூன்று நாள் முன்னம், முதல்முறையாக பிராண்டன்பர்க் வாசலுக்குள்ளால் ஓடினார்கள். நான் ஓரத்தில் நின்று பார்த்தனான். வாசலுக்குக் கீழே வந்ததும் சில பேர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அழுதார்கள். நேரத்தைப் பற்றி அண்டைக்கு ஒருத்தருக்கும் கவலையில்லை.

இனி அலுவலுக்கு வருவோம். தண்ணீர் மேசை. முதல் மேசையிலேயே எல்லோரும் விழுந்தடிப்பார்கள். அங்கே போகாதேயுங்கோ. மேசைகள் நீளமாகப் போகும், கடைசி மேசைக்கு வாங்கோ, சனம் குறைவு. கப் தருகிறவரின் கண்ணைப் பாருங்கோ, விரலால் காட்டுங்கோ, அவர் உங்களுக்கென்று நீட்டுவார். மேலால் நசித்துப் பிடித்தால் தண்ணீர் சிந்தாது. முக்கியமானது நிலத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் கப்கள். ஈரத்தோடு மிதித்தால் வழுக்கும், விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன். மேசையைத் தாண்டி ஐம்பது மீட்டர் வரைக்கும் நிலத்தைப் பார்த்து ஓடுங்கோ. அப்ப வாட்சைப் பார்க்க வேண்டாம்.

---

மெரினா நாலுமணி | 29 மே 2025

அண்ணை, இதைவிட நல்ல தகவல் எந்தப் பயிற்சித் திட்டத்திலும் இல்லை. மிக்க நன்றி. பாதையில் நம் ஆட்கள் யாராவது நிற்பார்களா?

---

ஹெர்மான்பிளாட்ஸ் அண்ணை | 30 மே 2025

16 கிமீ அளவில் ஹெர்மான்பிளாட்ஸ் சந்தி வரும், வலப்பக்கம் திரும்பினால் ஹாசென்ஹைட வீதி. அந்த வீதியில்தான் எங்கட பிள்ளையார் கோயில், கோபுரத்தோடு. ஓடிக்கொண்டே ஒரு கும்பிடு போடலாம், ஒரு விநாடி கூடப் போகாது. அதுக்கு முன்னம் கொட்புசர் டோர் பக்கம் துருக்கிச் சனம் டோல் என்ற மேளம் அடித்து ஊரையே கிளப்பும். அங்கே எல்லோரும் வேகம் கூட்டுவார்கள். நீங்கள் கூட்ட வேண்டாம்.

---

பழையசோறு | 30 மே 2025

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற கணக்கையும் அளவுகோல் போட்டுத் தருவார். 42 மீட்டர் கூடுதலாக.

---

மெரினா நாலுமணி | 13 ஜூலை 2025

ஆறு வாரம் முடிந்தது. இடையில் வேலை, வீட்டில் காய்ச்சல், ஒரு வாரம் வீணாகிவிட்டது. நேற்று 26 கிமீ. மூன்றரை மணிக்குக் கிளம்பி, கலங்கரை விளக்கத்திலிருந்து பெசன்ட் நகர், திருவான்மியூர், அக்கரை வரை போய்த் திரும்பினேன். திரும்பி வரும்போது தெருநாய் ஒன்று அரை கிமீ பேசர் (முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுப்பவர்) வேலை பார்த்தது. சராசரி 5:38.

ஜெல் (ஓடிக்கொண்டே விழுங்கும் மாவுச்சத்துக் கூழ்) சோதனையும் தொடங்கியிருக்கிறேன். இதுவரை லாங் ரன்னில் (வாராந்திர நீண்ட ஓட்டத்தில்) எனக்கு பேரீச்சம்பழம், கடலைமிட்டாய், மோர்தான். 5:40 வேகத்தில் எல்லாம் இறங்கியது. 5 நிமிட வேகத்தில் கடலைமிட்டாய் மென்றதில் புரையேறி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

---

கொங்குக்கால் | 13 ஜூலை 2025

கடலைமிட்டாய் வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிடுங்க :) மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்தால், ஜெல் ஒன்றுக்கு 25 கிராம், மூன்றரை மணிக்கு எட்டு ஜெல். முதல் தடவையே எட்டு போட்டால் வயிறு கலகம் செய்யும். இரண்டில் தொடங்கி வாராவாரம் ஒன்று கூட்டுங்க. வயிறும் தசை மாதிரிதான், பழக்கினால் பழகும்.

லாங் ரன்னை மட்டும் சும்மா நீட்டாதீங்க. ஆகஸ்டில் மூன்று தடவை 30 கிமீ போங்க, அதில் கடைசி 12 கிமீ போட்டி வேகம். வெயிலுக்குக் கழித்துக்கொண்டு 5:15 வந்தாலும் போதும். களைத்த காலில் அந்த வேகத்தைத் தொட்டுப் பார்ப்பதுதான் 28-க்கு மேல் உங்களைக் காப்பாற்றும்.

---

மெரினா நாலுமணி | 14 ஜூலை 2025

ஷூ பற்றியும் சொல்லிவிடுங்கள். எல்லோரும் கார்பன் தட்டு வைத்தது வாங்கச் சொல்கிறார்கள். விலை இருபதாயிரத்துக்கு மேல். 3:30 ஓடுகிறவனுக்கு அது வேண்டுமா?

---

அளவுகோல் | 14 ஜூலை 2025

உதவும். எல்லோருக்கும் ஒரே அளவில் உதவாது. அடிப்பாகம் 40 மிமீக்கு மேல் இருந்தால் போட்டி விதிப்படி செல்லாது என்பதால் கடைகளில் இருப்பவை பெரும்பாலும் அதற்குள்தான். அந்த உயரத்தில் கணுக்கால் ஆடும், கப் கிடக்கும் இடங்களில் கவனம். வாங்கினால் குறைந்தது இரண்டு லாங் ரன் அதில் ஓடுங்கள்.

புது ஷூ என்றதும் நினைவுக்கு வருவது 2015 பெர்லின். கென்யாவின் எலியுட் கிப்சோகேயின் இரண்டு ஷூவிலும் உள்மெத்தை பாதி வழியில் வெளியே வந்து, காது மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. கொப்புளம், ரத்தம். அப்படியே 2:04:00 ஓடி ஜெயித்தார். அவர் கிப்சோகே, நாம் இல்லை.

அவர் ஓட்டத்திலேயே நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. 2018இல் 2:01:39 சாதனை: முதல் பாதி 61:06, இரண்டாம் பாதி 60:33. 2022இல் அதையும் உடைத்து 2:01:09: முதல் பாதி 59:51, இரண்டாவது 61:18. அவருக்கே முதல் பாதியில் ஆசை வந்தால் இரண்டாம் பாதியில் ஒன்றரை நிமிடம் போகிறது. உங்களுக்கு அது எட்டு, பத்து நிமிடமாகும். முதல் 5 கிமீயை 25:10இல் கடந்து காட்டுங்கள், பிறகு பேசலாம்.

---

பழையசோறு | 15 ஜூலை 2025

கேலி இல்லாமல் ஒரு கேள்வி. பாதை மட்டும்தான் காரணமா? சென்னையும் தட்டை, துபாயும் தட்டை. பெர்லினில் மட்டும் ஏன் இத்தனை சாதனை?

---

அளவுகோல் | 15 ஜூலை 2025

நல்ல கேள்வி. தட்டை மட்டும் போதாது. செப்டம்பர் கடைசியின் குளிர், உயரமான கட்டிடங்களும் மரங்களும் தடுக்கும் காற்று, தார் ரோடு, அப்புறம் வேகமான பேசர்களையும் சாதனைக்காரர்களையும் கூட்டி வரும் ஏற்பாடு. 2003இல் பால் டெர்கட் 2:04:55 ஓடினார், பேசராக வந்த சாமி கோரிர் ஒரே ஒரு விநாடி பின்னால். அதிலிருந்து 2022 வரை ஆண்கள் உலக சாதனை உடைந்த ஒவ்வொரு முறையும் பெர்லினில்தான். 2023இல் கெல்வின் கிப்டம் 2:00:35 ஓடி அதைச் சிகாகோவுக்குக் கொண்டுபோனார்.

இன்னொரு விஷயம், சாதனை செல்லுபடியாகவும் பாதைக்கு விதி உண்டு. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள நேர்தூரம் பந்தய தூரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது, மொத்த இறக்கம் கிமீக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. பாஸ்டனில் 2011இல் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02 ஓடியும் சாதனையாக ஏற்காததற்கு அதுவே காரணம். பெர்லினில் தொடக்கமும் முடிவும் ஒரே வாசலின் பக்கத்தில்.

---

மெரினா நாலுமணி | 31 ஆகஸ்ட் 2025

பெங்களூரு போய்வந்தேன். 32 கிமீ, கடைசி 12 சராசரி 5:01. ஏழு ஜெல், வயிறு அமைதி. முதல்முறையாக 3:30 நடக்கும் என்று தோன்றுகிறது. இனி மூன்று வாரம் ஓடும் தூரத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, வீட்டில் திட்டு.

---

வேதா மதுரை | 31 ஆகஸ்ட் 2025

திட்டு வாங்குங்கள், கூடுதலாக ஓடாதீர்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் நமக்குச் சாதகம், அங்கே அதிகாலையில் தானாக விழிப்பு வரும். சனிக்கிழமை ஊர் சுற்றக் கிளம்பிவிடாதீர்கள். எண் அட்டை வாங்கப் பழைய டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்துக்குப் போகவே நிறைய நடை. முந்தின இரண்டு நாள் சோறும் தயிரும் போதும், புது ரொட்டி, புதுச் சீஸ் எதுவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பிராண்டன்பர்க் வாசல் தெரிந்ததும் முடிந்துவிட்டது என்று நினைக்கும். முடியவில்லை. வாசலைத் தாண்டி இன்னும் 400 மீட்டர் பக்கம் இருக்கிறது. நான் வாசலுக்கு எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு அந்த 400 மீட்டரை ஜென்மத்துக்கும் மறக்காதபடி கடந்தேன்.

---

ஹெர்மான்பிளாட்ஸ் அண்ணை | 19 செப்டம்பர் 2025

தம்பி, ஒரு கெட்ட செய்தி. ஞாயிற்றுக்கிழமைக்கு வெக்கை என்று சொல்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் இப்படி வருவது குறைவு. தொப்பி கொண்டுவந்தீர்களோ?

---

பழையசோறு | 19 செப்டம்பர் 2025

விசாவே இல்லாமல் சென்னை வெயில் உள்ளே வந்துவிட்டது பாருங்கள்.

---

மெரினா நாலுமணி | 23 செப்டம்பர் 2025

முடித்துவிட்டேன். 3:35:48.

எங்கள் அலை (தொடக்கத்தில் பிரித்து விடும் குழு) கிளம்பும்போதே வெயில் ஏறிவிட்டது. பிற்பகலுக்குள் 25 டிகிரி பக்கம் போனது. முன்னால் சபாஸ்டியன் சாவே அந்த வெக்கையிலும் 2:02:16 ஓடி ஜெயித்தார், உலக சாதனைக்கு வழியில்லாமல் போனது. சுற்றி இருந்த ஐரோப்பியர்கள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது சென்னையின் மார்கழி. சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பிலேயே தப்பும் செய்தேன்.

முதல் 5 கிமீ 25:12. வேதா அக்கா, ஒருவரையும் தாண்டவில்லை, சத்தியம். தூணைச் சுற்றும்போது நீலக்கோட்டைத் தேடினேன், ஆயிரம் கால்களுக்கு அடியில் இருந்தது. எட்டாவது கிமீக்கு மேல்தான் கண்ணில் பட்டது. பிறகு அதைவிட்டு அதிகம் விலகவில்லை. கடைசியில் வாட்சில் 42.55.

கொட்புசர் டோரில் டோல் சத்தம். எல்லோரும் வேகம் கூட்டினார்கள், நானும் கூட்டிவிட்டேன் அண்ணை, மன்னிக்கவும். 4:44 ஒன்று விழுந்தது. பிள்ளையார் வீதியில் கும்பிட்டு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். பாதி 1:45:30. "நமக்கென்ன வெயில் புதுசா" என்ற நினைப்பில் 4:58-ஐ விடவில்லை. ஆனால் பயிற்சியில் இதே வெயிலுக்குக் கிமீக்கு 20 விநாடி நானே கழித்துக்கொண்டிருந்தவன்தான். அன்று கழிக்கவில்லை. 26 முதல் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஏற்றம், காட்டுப்பன்றி மேளம், 5:10, 5:18. 32இல் அந்தப் பெரிய கடைவீதிக்குள் திரும்பும்போது நிழலே இல்லை, 5:30. நடக்கவில்லை. அங்கிருந்து ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் கடைசிக் கப், ஒன்று வாய்க்கு, ஒன்று தலைக்கு.

வாசலுக்குப் பிறகு 400 மீட்டர் இருப்பது தெரிந்திருந்ததால் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன். அங்கே ஒன்பது பேரைத் தாண்டினேன், எண்ணினேன்.

---

அளவுகோல் | 23 செப்டம்பர் 2025

அந்த வெயிலில் இரண்டாம் பாதி 1:50:18. பழைய நேரத்திலிருந்து 16 நிமிடம் குறைவு. தொடக்கத்தில் 5:05 எடுத்திருந்தால் 3:33 வந்திருக்கும் என்று நினைக்கிறேன். 42.55 என்பதை மட்டும் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

---

கொங்குக்கால் | 23 செப்டம்பர் 2025

மேம்பாலத்துக்கு ஒரு நன்றி சொன்னால் என்னங்க?

---

ஹெர்மான்பிளாட்ஸ் அண்ணை | 24 செப்டம்பர் 2025

தம்பி, நான் நின்ற மேசையில் உங்களைக் கண்டேன் என்று நினைக்கிறேன். கடைசி மேசைக்கு வந்து விரலால் காட்டியது ஒரே ஒரு ஆள்தான். கூப்பிட வாய் திறப்பதற்குள் போய்விட்டீர்கள். வீட்டில் உங்களுக்கென்று புட்டும் சம்பலும் செய்து வைத்திருந்தோம். விமானம் எத்தனை மணிக்கு?

---

மெரினா நாலுமணி | 24 செப்டம்பர் 2025

நாளை மாலைதான் அண்ணை. படி இறங்கத்தான் முடியவில்லை, ஏறி வந்துவிடுவேன். எத்தனையாவது மாடி?